வால் இல்லாத தகைவிலான்... ஒலியைத் துரத்திய 3 விமானங்கள், திரும்பி வராத 3 விமானிகள்!

விமானத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தால் பலரும் செய்யும் முதல் வேலை, மொபைலை எடுத்து இறக்கையைப் படம் பிடிப்பதுதான். மேகம், கொஞ்சம் சூரியன், நடுவில் ஒரு இறக்கை. ஸ்டேட்டஸ் ரெடி!

அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். இறக்கை, விமானத்தின் உடலிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. பறவை வேகமெடுக்கும்போது சிறகைப் பின்னால் ஒடுக்குமே, அதுபோலப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். நம்மூரில் அதிகம் பறக்கும் போயிங் 737-ல் இந்தச் சாய்வு சுமார் 25 டிகிரி.

இந்தச் சாய்வு இன்று சாதாரண விஷயம். 1945-ல் அப்படி இல்லை. இப்படிச் சாய்த்தால் விமானம் விமானி சொல்வதைக் கேட்குமா, மெதுவாக இறங்கும்போது என்ன ஆகும், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது என்ன ஆகும் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. காகிதத்தில் கணக்குப் போடலாம். காற்றுச் சுரங்கத்தில் பொம்மை விமானத்தை வைத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் உள்ளே உட்கார்ந்து பறந்துதான் ஆகவேண்டும்.

அப்படிப் பறப்பதற்காகவே பிரிட்டனில் செய்யப்பட்டதுதான் டி.ஹெச். 108. மொத்தம் மூன்றே விமானங்கள். செல்லப் பெயர் 'ஸ்வாலோ', அதாவது தகைவிலான் குருவி. மூன்றும் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு விமானியைக் கொண்டுபோனது. அந்த மூவரில் முதலாமவர், விமானத்தைக் கட்டிய கம்பெனி முதலாளியின் மூத்த மகன்.

இறக்கையைச் சாய்த்தால் என்ன லாபம்?

பஜ்ஜிக்கு வாழைக்காய் நறுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே நேராக நறுக்கினால் சின்ன வட்டம் வரும். கத்தியைச் சாய்த்து நறுக்கினால் நீளமான துண்டு வரும். காய் அதேதான், அதன் தடிமனும் அதேதான். ஆனால், துண்டு நீண்டுவிட்டது.

சாய்ந்த இறக்கையைக் கடக்கும் காற்றுக்கும் இதுதான் நடக்கிறது. இறக்கையின் தடிமன் மாறவில்லை, கடக்கும் தூரம் மட்டும் நீள்கிறது. அதனால் காற்றுக்கு அது மெல்லிய இறக்கையாகத் தெரிகிறது.

இதில் என்ன பயன்? இறக்கையின் மேல் வளைவில் ஓடும் காற்று, விமானத்தைவிட வேகமாக ஓடும். விமானம் இன்னும் ஒலியின் வேகத்தைத் தொடாதபோதே, அந்த இடத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். அங்கே ஓர் அதிர்வலை உருவாகும். காற்று இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொள்ளும். விமானம் உதறும், மூக்கு தானாகக் கீழே போகும், ஸ்டிக்கை இழுத்தாலும் கேட்காது. இரண்டாம் உலகப்போரின் கடைசி வருடங்களில், வேகமாக டைவ் அடித்த பல விமானிகள் இதை அனுபவித்தார்கள். பிழைத்து வந்தவர்கள் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. இறக்கை மெல்லியதாகத் தெரிந்தால் இந்தத் தொல்லை தள்ளிப்போகும்.

இந்த யோசனையை 1935-லேயே ரோம் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் புசெமான் சொல்லிவிட்டார். அன்றைய விமானங்கள் இருந்த வேகத்துக்கு அது தேவைப்படவில்லை. அதனால் மற்ற நாடுகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜெர்மனி மட்டும் தொடர்ந்து ஆராய்ந்தது. 1945-ல் போரில் ஜெர்மனி தோற்றதும், நேச நாடுகளின் நிபுணர்கள் அங்கே போய் ஆவணங்களை அள்ளினார்கள். மெசர்ஷ்மிட் 163 என்ற வால் இல்லாத ராக்கெட் விமானமும் கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் பிரிட்டனிலும் பலருக்கு ஆசை வந்தது.

பாதி பழசு, பாதி புதுசு

லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்தது டி ஹாவிலண்ட் கம்பெனி. போரில் பேர் வாங்கிய, மரத்தால் ஆன 'மஸ்கிட்டோ' விமானம் இவர்களுடையது. போர் முடிந்ததும் இவர்கள் கண்ட கனவு, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். பின்னாளில் 'காமெட்' என்று பெயர் வாங்கியது அதுதான்.

காமெட்டுக்கான ஆரம்பகால யோசனைகளில் ஒன்று, சாய்ந்த இறக்கையுடன் வாலே இல்லாத விமானம். பின்பக்கக் கிடைவால் இல்லாவிட்டால் எடை குறையும், காற்றின் இழுவை குறையும். ஆனால், பயணிகளை ஏற்றும் முன் ஒரு சிறிய விமானத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் டி.ஹெச். 108.

புதிதாக எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை. கம்பெனி ஏற்கெனவே தயாரித்துக்கொண்டிருந்த 'வேம்பயர்' ஜெட் போர் விமானத்தின் உடலை எடுத்துக்கொண்டார்கள். (இந்த வேம்பயர் நமக்கும் பழக்கம்தான். 1948-ல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஜெட் இது. பிறகு பெங்களூரு ஹெச்.ஏ.எல்.-லிலும் தயாரானது.) வேம்பயரின் முன் உடல் உலோகம் அல்ல. பால்சா மரத்தின் இருபுறமும் ஒட்டுப்பலகை வைத்து அழுத்திச் செய்தது. அந்த உடலில், 43 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்த புதிய உலோக இறக்கைகளைப் பொருத்தினார்கள். செங்குத்தாக ஒரு வால் துடுப்பு மட்டும் உண்டு. கிடைவால் கிடையாது.

அந்தக் கிடைவாலைச் சும்மா அலங்காரத்துக்கு யாரும் வைப்பதில்லை. கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் நீளமான கம்பு வைத்திருப்பார். அதை வாங்கிக்கொண்டால் அவருக்கு என்ன ஆகுமோ, அதுதான் வால் இல்லாத விமானத்துக்கும். மூக்கு மேலும் கீழும் ஆடத் தொடங்கினால், தொலைவில் இருந்து இழுத்துப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ஏறுவது, இறங்குவது, சாய்வது எல்லாவற்றையும் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்களே செய்ய வேண்டும்.

இறக்கையின் சாய்வும் தன் பங்குக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவரும். மெதுவாகப் பறக்கும்போது காற்று இறக்கையின் நுனியை நோக்கி வழுக்கிப் போகும். நுனிதான் முதலில் தூக்கு சக்தியை இழக்கும். சாய்ந்த இறக்கையில் நுனி பின்னால் இருப்பதால், பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே எழும்பும். வேகம் இன்னும் குறையும். அங்கிருந்து மீள்வது கஷ்டம். அதனால் மெதுவான சோதனைக்கான முதல் விமானத்தில், இறக்கையின் முன்விளிம்பில் எப்போதும் திறந்தே இருக்கும் தட்டுகளை வைத்தார்கள். சுழன்று விழத் தொடங்கினால் பிடித்து நிறுத்த, இறக்கை நுனிகளில் சின்ன பாராசூட்களையும் வைத்தார்கள்.

ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு வருடம் ஆன கையோடு, 1946 மே 15 அன்று, முதல் டி.ஹெச். 108 பறந்தது. பதிவு எண் டி.ஜி. 283. ஹாட்ஃபீல்டிலிருந்து அல்ல, சஃபோக் பகுதியில் இருந்த உட்பிரிட்ஜ் தளத்திலிருந்து. போரில் அடிபட்டுத் தடுமாறி வரும் குண்டுவீச்சு விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட மிக நீளமான ஓடுபாதை அங்கே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்ற முன்னெச்சரிக்கை!

ஓட்டியவர், ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஜூனியர்.

அப்பா கட்டுவார், பிள்ளை ஓட்டுவார்

தந்தையின் பெயரும் ஜெஃப்ரிதான். தானே வடிவமைத்த விமானத்தில் 1910-ல் வெற்றிகரமாகப் பறந்தவர். மகன் ஜெஃப்ரி பிறந்ததும் அதே 1910. அதாவது, அப்பாவின் விமானமும் மூத்த பிள்ளையும் ஒரே வயது. ஜெஃப்ரி, பீட்டர், ஜான் என்று மூன்று பையன்கள் இருந்த வீடு அது. ('கான் வித் த விண்ட்' படத்தில் நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட், தந்தை ஜெஃப்ரியின் சித்தப்பா மகள்.)

மகன் ஜெஃப்ரி, கம்பெனியின் தலைமை டெஸ்ட் பைலட் ஆனார். 1940 நவம்பரில் முதல் மஸ்கிட்டோவை முதன்முதலாகப் பறக்கவிட்டவர் அவர்தான். 1943 செப்டம்பரில் வேம்பயரை முதலில் ஓட்டியவரும் அவர்தான். முதலாளி பிள்ளை என்பதால் கிடைத்த பதவி என்று யாராலும் சொல்ல முடியாது. புது விமானத்தின் முதல் பயணம் என்றால், திரும்பி வருவோமா என்று தெரியாமல் கிளம்பும் வேலை அது.

அந்தக் குடும்பம் ஏற்கெனவே ஒரு அடி வாங்கியிருந்தது. கடைசிப் பையன் ஜானும் டெஸ்ட் பைலட். 1943 ஆகஸ்டில் இரண்டு மஸ்கிட்டோக்கள் நடுவானில் மோதிக்கொண்டதில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகும் மூத்தவர் பறப்பதை நிறுத்தவில்லை. தந்தை தடுத்தாரா, தாய் லூயிஸ் என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே முடிந்துபோன விஷயங்கள். வெளியே தெரிந்தது இவ்வளவுதான்: மூன்று வருடங்கள் கழித்து, அதே குடும்பத் தொழிற்சாலையில், வால் இல்லாத விமானத்தில் ஏறி உட்கார்ந்தார் மூத்த மகன்.

செப்டம்பர் 27, 1946

முதல் விமானம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்துகொண்டது. காற்றுச் சுரங்கச் சோதனைகள் பயமுறுத்திய அளவுக்கு அது தள்ளாடவில்லை. நம்பிக்கை கூடியது. ஆகஸ்டில் இரண்டாவது விமானம் டி.ஜி. 306 தயாரானது. இது வேகத்துக்கானது. இறக்கைச் சாய்வு 45 டிகிரி.

அந்த மாதங்களில் பிரிட்டனில் வேக சாதனை மோகம் உச்சத்தில் இருந்தது. செப்டம்பர் 7 அன்று டெடி டொனால்ட்சன் என்ற விமானப்படை அதிகாரி, மீட்டியர் ஜெட்டில் மணிக்கு 991 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனை செய்திருந்தார். டி.ஜி. 306-ஆல் அதை மிஞ்ச முடியும் என்று டி ஹாவிலண்ட் கம்பெனிக்குத் தோன்றியது. ஆராய்ச்சிக்காகப் பிறந்த விமானம், பந்தயத்துக்குத் தயாரானது. கதை தடம் மாறியது இங்கேதான் என்று சொல்ல வேண்டும்.

ஏனென்றால், அன்றைய விதிப்படி வேக சாதனையைத் தரைக்கு மிக அருகில், 3 கி.மீ. நேர்கோட்டில் பறந்து காட்ட வேண்டும். உயரத்தில் காற்று மெல்லியது. கீழே காற்று அடர்த்தியானது. 35,000 அடியில் இருக்கும் காற்று, கடல் மட்டத்துக் காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மேலே விமானம் லேசாக உதறினால் தாங்கிக்கொள்ளும். அதே உதறல் கீழே வந்தால், இறக்கையில் விழும் அடி பல மடங்கு.

செப்டம்பர் 27 மாலை, 36 வயது ஜெஃப்ரி ஹாட்ஃபீல்டிலிருந்து கிளம்பினார். சாதனை முயற்சிக்கு முந்தைய ஒத்திகை. தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் மேல், தாழ்வான உயரத்தில் முழு வேகத்தையும் சோதிக்க வேண்டும்.

விமானம் திரும்பவில்லை. கென்ட் பகுதியில், எகிப்து வளைகுடா என்று அழைக்கப்படும் சதுப்புக் கரையோரச் சேற்றில் சிதைந்த பாகங்கள் கிடைத்தன. ஜெஃப்ரியின் உடல் சில நாள்கள் கழித்து விட்ஸ்டபிள் கரையில் ஒதுங்கியது. கழுத்து முறிந்திருந்தது.

சிதைவுகளை வைத்து நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது, விமானத்தின் மூக்கு பயங்கர வேகத்தில் மேலும் கீழும் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த அதிர்ச்சியில் இறக்கையைத் தாங்கும் பிரதான உத்தரம் அடியோடு முறிந்து, இறக்கைகள் பின்னோக்கி மடங்கிவிட்டன. கழைக்கூத்தாடியிடம் கம்பு இல்லை.

தலைமை டெஸ்ட் பைலட்டின் நாற்காலி, போர்க்காலத்தில் இரவுச் சண்டைகளுக்குப் பெயர்போன ஜான் கன்னிங்ஹாமுக்குப் போனது. திட்டம் நிற்கவில்லை. மூன்றாவது விமானம் கட்டினார்கள்.

உயரம் குறைவு... உயிர் மிச்சம்!

ஜெஃப்ரி எப்படி இறந்தார் என்பது காகிதத்தில் இருந்தது. ஆனால், அந்த நொடிகளில் விமானத்துக்குள் என்ன நடந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே வேகத்தில், அதே தாழ்வான உயரத்தில் மறுபடி பறப்பது.

1949-ல் அதைச் செய்தவர் எரிக் பிரவுன். பிரிட்டிஷ் கடற்படை விமானி. தன் வாழ்நாளில் 487 வகை விமானங்களை ஓட்டியவர். இன்றுவரை யாரும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 163-ஐயும் ராக்கெட் இன்ஜினோடு ஓட்டிப் பார்த்த ஆள். அப்போது அவர் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு மையத்தில் வேலை பார்த்தார்.

35,000 அடி உயரத்தில் ஒலியின் வேகத்தில் 98 சதவிகிதத்துக்கு மேல் போனார். பெரிய தொல்லை இல்லை. பிறகு கீழே வந்தார். 4,000 அடியில், 88 சதவிகிதத்திலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது. மூக்கு நொடிக்கு நொடி மேலும் கீழும் குத்தியது. தாடை மார்பில் மோதியது. கண் முன்னால் எல்லாம் மங்கியது. ஆனால், முன்பே மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடி, ஒரு கையால் இன்ஜின் வேகத்தைக் குறைத்து, மறு கையால் ஸ்டிக்கை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். ஆட்டம் எப்படித் தொடங்கியதோ அதேபோலச் சட்டென்று நின்றது.

இந்த இடத்தில் பிரவுன் பின்னாளில் சொன்ன காரணம்தான் மனதைப் பிசைவது. அவர் குள்ளமானவர். 'விங்கிள்' என்பது அவருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர். சீட்டையும் கீழே இறக்கி வைத்திருந்தார். அதனால் அவர் தலைக்கும் மேல் கண்ணாடிக் கூண்டுக்கும் இடையே இடம் இருந்தது. ஜெஃப்ரி உயரமானவர். ஆட்டம் தொடங்கியதும் அவர் தலை கூண்டில் மோதியிருக்க வேண்டும், கழுத்து அங்கேயே முறிந்திருக்க வேண்டும் என்பது பிரவுனின் முடிவு. சில அங்குலங்கள்தான் இருவருக்கும் வித்தியாசம். இந்த விமானத்தைக் கொலைகார விமானம் என்றுதான் பிரவுன் கடைசிவரை சொல்லிவந்தார். 97 வயதுவரை வாழ்ந்து 2016-ல் காலமானார்.

ஒலியைத் தாண்டிய 26 வயது இளைஞர்

கொஞ்சம் பின்னால் போவோம். மூன்றாவது விமானம் வி.டபிள்யூ. 120, 1947 ஜூலையில் பறந்தது. முதல் விபத்துக்குப் பிறகு வந்தது என்பதால் மாற்றங்கள் இருந்தன. கூர்மையான மூக்கு, தாழ்வான சீட், பலப்படுத்திய கண்ணாடிக் கூண்டு.

இதை அதிகம் ஓட்டியவர்களில் ஒருவர் ஜான் டெர்ரி. 1948 ஏப்ரல் 12 அன்று, 100 கி.மீ. சுற்றுப்பாதையில் மணிக்கு 974 கி.மீ. வேகத்தில் பறந்து உலக சாதனை செய்தார். பந்தயத்தில் போன மானம் பந்தயத்திலேயே திரும்பி வந்தது.

அதே வருடம் செப்டம்பர் 6. ஃபார்ன்பரோவுக்கும் விண்ட்சருக்கும் நடுவே, சுமார் 40,000 அடியிலிருந்து டைவ் அடித்தார் டெர்ரி. விமானம் ஓரளவு கட்டுப்பாட்டை மீறியே கீழே பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில் வேகமானி ஒலியின் வேகத்தைத் தாண்டியது. ஒலியைவிட வேகமாகப் பறந்த முதல் பிரிட்டிஷ் விமானி ஆனார் டெர்ரி. அப்போது அவர் வயது 26.

உலகத்தில் அவர் முதல் ஆள் இல்லை. அமெரிக்காவின் சக் யேகர், பெல் எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் 1947 அக்டோபர் 14 அன்றே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்-1-ன் இறக்கை சாய்ந்தது அல்ல, நேரானது! மிக மெல்லிய இறக்கை, அதற்குமேல் முரட்டு ராக்கெட் பலம். ஆனால், அதைத் தரையிலிருந்து கிளப்பவில்லை. பெரிய விமானத்தின் வயிற்றில் கட்டித் தூக்கிப்போய் மேலே அவிழ்த்துவிட்டார்கள். தானே ஓடுபாதையில் ஓடி, தானே ஏறி, தானே இறங்கும் ஜெட்டுக்குச் சாய்ந்த இறக்கைதான் வழி என்பதை அமெரிக்காவும் சீக்கிரமே ஒப்புக்கொண்டது. சாய்ந்த இறக்கை கொண்ட எஃப்-86 சேபரின் முன்மாதிரி, 1948 ஏப்ரலில் டைவில் ஒலியைத் தாண்டியது. 1950-ல் கொரியப் போரில் எதிரெதிரே மோதிய சேபர், சோவியத்தின் மிக்-15, இரண்டுக்குமே சாய்ந்த இறக்கைதான்.

மிச்சம் இருந்த இரண்டும்...

வேலை முடிந்த விமானத்தை ஓரமாக நிறுத்திவிடுவார்கள் என்று நினைப்போம். டி.ஹெச். 108 விஷயத்தில் அது நடக்கவில்லை. தகவல் சேகரிக்க இன்னும் பாக்கி இருந்ததால், மிச்சமிருந்த இரண்டும் ஃபார்ன்பரோ ஆய்வு மையத்துக்குப் போயின.

1950 பிப்ரவரி 15. ஒலியைத் தாண்டிய அதே வி.டபிள்யூ. 120, பக்கிங்ஹாம்ஷயரில் பிரிக்ஹில் அருகே விழுந்தது. ஓட்டிய ஸ்குவாட்ரன் லீடர் ஸ்டூவர்ட் முல்லர் ரோலண்ட் இறந்தார். ஆக்சிஜன் கருவி பழுதாகி அவர் நினைவிழந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. இறக்கை மேல் பழி விழாத ஒரே விபத்து இது.

அடுத்த இரண்டரை மாதங்களில், மே 1 அன்று, முதலில் பிறந்த டி.ஜி. 283-ம் போனது. மெதுவான வேகத்தில், தூக்கு சக்தி போகும் விளிம்பில் விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்குவாட்ரன் லீடர் ஜார்ஜ் ஜெண்டர்ஸ். ஹாம்ப்ஷயரில் ஹார்ட்லி விண்ட்னி அருகே விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. அவர் வெளியே குதித்தார். ஆனால், தரை மிக அருகில் இருந்தது. பாராசூட்டுக்கு விரிய நேரம் போதவில்லை.

நான்கு வருடங்களில் மூன்று விமானங்களும் காலி. வேகமாகப் போனதில் ஒருவர், மெதுவாகப் போனதில் ஒருவர், மூச்சுக்காற்று கிடைக்காமல் ஒருவர்.

காமெட்டுக்கு வால் இருந்தது

எந்த விமானத்துக்காக இத்தனையும் தொடங்கியதோ, அந்தக் காமெட் என்ன ஆனது?

டி.ஹெச். 108 சோதனைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே காமெட்டின் வரைபடம் மாறிவிட்டது. வால் இல்லாத யோசனையைக் கைவிட்டார்கள். 45 டிகிரி சாய்வும் வேண்டாம் என்று முடிவானது. கடைசியில் சுமார் 20 டிகிரி சாய்வோடு, எல்லா விமானங்களையும்போல ஒழுங்கான வாலோடு, 1949 ஜூலை 27 அன்று காமெட் பறந்தது. ஓட்டியவர் ஜான் கன்னிங்ஹாம். அன்று அவருக்குப் பிறந்தநாள். தந்தை ஜெஃப்ரிக்கும் அதே நாள்தான் பிறந்தநாள், 67 வயது. மகன் உயிரோடு இருந்திருந்தால் அந்த முதல் பயணம் அவருடையதாகத்தான் இருந்திருக்கும். தாய் லூயிஸும் அதே 1949-ல் காலமானார். இரண்டு பிள்ளைகளை இழந்த துக்கத்திலிருந்து அவர் மீளவே இல்லை.

'அப்போ அந்த மூன்று உயிர்களும் வீண்தானே?' என்று கேட்கத் தோன்றும். வீண் இல்லை. ஆராய்ச்சி விமானம் கொண்டுவரும் பதில்களில் பாதி, 'இப்படிச் செய்யாதே' என்பதுதான். சாய்ந்த இறக்கையோடு வாலையும் எடுத்துவிட்டால், அன்றிருந்த தொழில்நுட்பத்தில் ஒலியின் வேகத்துக்கு அருகே விமானத்தை நம்ப முடியாது என்பது டி.ஹெச். 108-ஆல் பிரிட்டனுக்கு உறுதியானது. பின்னாளில் கிடைவால் இல்லாமல் ஒலியைத் தாண்டிய விமானங்கள் வந்தன. ஆனால், அவற்றின் வடிவமும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வேறு. அதே நேரம், வீண் இல்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடவும் முடியாது. 1946 செப்டம்பர் மாலையில் நடந்தது காமெட்டுக்கான பயணம் அல்ல. அது ஒரு சாதனைக்கான ஒத்திகை.

இந்தக் கதையை வைத்து 1952-ல் 'தி சவுண்ட் பேரியர்' என்ற ஆங்கிலப் படம் வந்தது. இயக்கியவர் டேவிட் லீன். விமானம் கட்டும் முதலாளி, ஒலியின் வேகத்தைத் தொட ஆசைப்பட்டு மகனையும் மருமகனையும் இழக்கிறார் என்பது கதை. பேர் மாற்றியிருந்தாலும் யாரை நினைத்து எடுத்தது என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. படத்தில் ஒரு விமானி, ஸ்டிக்கைத் தலைகீழாகப் பயன்படுத்தி ஒலித்தடையைத் தாண்டுவார். அது சுத்தக் கற்பனை. ஆனால், படம் நன்றாக ஓடியதில், பிரிட்டன்தான் முதலில் ஒலியைத் தாண்டியது என்று பலர் நம்பிவிட்டார்கள்.

படம் வெளியான சில வாரங்களில், அதே 1952 செப்டம்பரில், ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சி நடந்தது. ஜான் டெர்ரி, டி ஹாவிலண்டின் புதிய சாய்ந்த இறக்கை விமானமான டி.ஹெச். 110-ஐ ஓட்டிக் காட்டினார். உடன் பறந்தவர் டோனி ரிச்சர்ட்ஸ். கூட்டத்தின் மேல் ஒலியைத் தாண்டி டைவ் அடித்து, வளைந்து திரும்பும்போது விமானம் துண்டு துண்டானது. ஒரு இன்ஜின் கூட்டத்துக்குள் பாய்ந்தது. விமானத்தில் இருந்த இருவரோடு, பார்வையாளர்கள் 29 பேர் இறந்தார்கள். இறக்கைக்கு அந்தத் திருப்பத்தைத் தாங்கும் பலம் போதவில்லை என்று பிறகு தெரிந்தது.

அன்றைய தேதி செப்டம்பர் 6. டெர்ரி ஒலியைத் தாண்டி சரியாக நான்கு வருடங்கள்.

லண்டனுக்கு அருகே லண்டன் கால்னியில் டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. மகன் ஜெஃப்ரி 1940-ல் முதன்முதலாகப் பறக்கவிட்ட அதே மஸ்கிட்டோ முன்மாதிரி, மஞ்சள் வண்ணத்தில் அங்கே நிற்கிறது. வேம்பயர்கள் இருக்கின்றன. ஒரு காமெட்டின் உடலும் இருக்கிறது. டி.ஹெச். 108 மட்டும் அங்கும் இல்லை, உலகில் வேறெங்கும் இல்லை.